ஏழாம் நம்பர் மட்டை

ஸ்ரீவத்ஸன் சார் போன்கூடப் பண்ணாமல் வந்து நின்றபோது நான் ஒரு கோல்ஃப் மட்டையின் தலைக்குப் பின்னால் ஈயப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். நகத்தின் அகலத்துக்கு வெட்டிய பட்டை, இரண்டு கிராம் இருக்கும். பூதலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மட்டைகள் பார்சலில் வரும், பார்சலில் போகும். மட்டைக்குச் சொந்தக்காரர் ஒருவர் நேரில் வந்தது அன்றுதான். தாத்தா காலத்து நிலத்தைக் கிரயம் முடிக்கத் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தவர், எங்களிடம் கட்டக் கொடுத்திருந்த புது மட்டை செட்டைக் கையோடு வாங்கிப்போகலாம் என்று காரைத் திருப்பியிருக்கிறார். என் கணவர் ஜெக்கரியா மச்சான் அப்போது டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய், வீட்ல ஹெல்ப் பண்றாங்களா?"

"ஆமா சார், சும்மா" என்றார் மச்சான்.

சும்மாவாம். எனக்குச் சுருக்கென்றது.

மச்சான் துபாயில் பன்னிரண்டு வருஷம் ஒரு கோல்ஃப் கடையில் மட்டை கட்டும் வேலை பார்த்தவர். அங்கே எல்லோரையும் வேலையை விட்டு அனுப்பிய வருஷம், சென்ட் பாட்டிலும் போர்வையும் வர வேண்டிய அட்டைப் பெட்டியில் ஒரு தராசோடு வந்து இறங்கி, வீட்டிலேயே அந்த வேலையை ஆரம்பித்தார். மறு மழைக்காலத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஆறு மாதத்தில் அவர் சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒரு செட்டில் நெட்டையும் இருக்கும், குட்டையும் இருக்கும். மொத்த எடை ஒன்றாக இருக்காது. ஆனால் பிடித்து வீசும்போது தலை கையை இழுக்கிற இழுப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுதான் வேலை. மச்சான் கொண்டுவந்த தராசு எடையை அல்ல, அந்த இழுப்பைத்தான் அளக்கும். போனில் பேசுவது மட்டும் மச்சான். நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பூதலூர்ப் பொம்பளையை நம்பி யார் மட்டையை ரயிலில் ஏற்றுவார்கள்?

சார் வாசலில் நின்று ஒவ்வொன்றாக வீசிப் பார்த்தார். போன மாதம்கூட "உங்க கை மாதிரி வராது பாய்" என்று போனில் உருகியவர். இப்போது ஒவ்வொரு வீச்சுக்கும் என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"இந்த ஏழாம் நம்பர் மட்டும் ஹெட் பக்கம் கனமா தெரியுது பாய். இது அவங்க செஞ்சதா? நீங்க ஒரு தடவ கை வச்சிடுங்களேன்."

மச்சான் மட்டையை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அஞ்சு நிமிஷம் இருந்துட்டு அப்படியே குடுத்துடலாம் இர்ஃபானா. இப்ப சரியா இருக்குன்னுடுவாரு பாரேன்."

அவர் சொன்னது உண்மைதான், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சார் வீசிப் பார்ப்பார், ஆகா என்பார், போய்விடுவார். இர்ஃபானா கெடுத்தாள், ஜெக்கரியா பாய் சரிசெய்தார் என்பது மட்டும் நிற்கும். ஒரு தடவை நின்றுவிட்டால் அதை எந்தத் தராசை வைத்தும் என்னால் மாற்ற முடியாது.

"குடுங்க இப்படி."

"வந்த ஆளு கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா..."

"போவட்டும் மச்சான்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தராசையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"சார், இத யாரும் தொடல. எடுத்துட்டுப் போனது அப்படியே வருது. நீங்களே பாருங்க."

ஏழாம் நம்பரைத் தராசில் வைத்தேன். அவர் கேட்டிருந்த அளவில் நின்றது. ஆறை வைத்தேன், எட்டை வைத்தேன். மூன்றும் அதே கோட்டில்தான் நின்றன.

"மெஷின் சரியாத்தான் காட்டுது மேடம். ஃபீல்னு ஒண்ணு இருக்கு இல்லையா? அது பாய்க்குத்தான் தெரியும்."

"போன வருஷம் கப் ஜெயிச்சீங்களே சார், அந்த செட்டு எப்படி?"

"அது பர்ஃபெக்ட். பாய் பண்ணதாச்சே."

"நான் பண்ணது."

சார் என்னைத் தாண்டி மச்சானைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை வராதா என்கிற பார்வை. நான் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. சும்மா என்று சொன்ன வாய் அது, இன்னொரு தடவை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மச்சான் படியிறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அவங்கதான் சார். மூணு வருஷமா எல்லாமே அவங்கதான்." வலது கையை வெயிலில் நீட்டினார். விரல்கள் ஒரு நிலையில் இல்லை. "இந்தக் கையால ஈயப் பட்டை ஒட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

அந்தக் கையைப் பிடித்து மூடிவிட வேண்டும் போல் எனக்கு இருந்தது. பிடிக்கவில்லை. அவராக நீட்டிய கை அது.

ஏழாம் நம்பரை சாரிடம் கொடுத்தேன்.

"ஒரு கிராம்கூட குறைக்க மாட்டேன் சார். புடிச்சா எடுத்துக்குங்க. இல்லன்னா செட்டையே வச்சிட்டுப் போங்க."

அவர் மட்டையோடு காருக்குப் போனார். காரிலிருந்து ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, அறுப்பு முடிந்து கிடந்த வயலில் இறங்கினார். நெல் தாள் கட்டைகளுக்கு நடுவே பந்தை வைத்தார். ஒரு தடவை எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காலை அகட்டி நின்று, மட்டையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். மச்சான் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.