மேலே எடுத்த பாட்டு

எங்கள் யார்க்‌ஷர் ஊரில் பிறந்து வளர்ந்த பயல்தான் நெவில். ஊர் மதுக்கடையான பப்பை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கொம்பு முளைத்துவிட்டது. முன்னறையில் சுவரளவு டிவியை மாட்டிவிட்டு, ஞாயிறு மதியம் நாங்கள் கூடி ஊர்ப்பாட்டு பாடும் பின்னறைக்கு வந்து நின்றான்.

“ஹெஸ்டர் அக்கா, பாட்டை இன்னையோட முடிச்சுக்கங்க. இந்த அறையும் கால்பந்துக்கு வேணும். உங்க பாட்டை இப்ப யாரு கேக்குறா?”

“கேக்குறதுக்கா பாடுறோம்? கூடப் பாடுறதுக்குடா! முன்னறையில பந்து பாக்க உக்காந்திருக்கானுங்களே, அவனுங்க இன்னைக்கு வாயத் திறக்கலேன்னா நாங்களே போயிடறோம். திறந்தா அறை எங்களுக்கு. சரியா?”

“கோல் விழுந்தா திறப்பானுங்க,” என்று சிரித்துக்கொண்டே போனான்.

“உனக்கு வாய்க்கொழுப்பு,” என்றார் என் கணவர் ஐவர்.

இருக்கட்டுமே! எங்களுக்கு மேடை கிடையாது, மைக் கிடையாது, வாத்தியமும் கிடையாது. ஒருவர் கதையைப் பாடுவார், பல்லவி வந்ததும் அறையே எடுத்துக்கொள்ளும். அதை நம்பித்தான் பந்தயம் கட்டினேன்.

ஆனால் கோபத்தில் சுருதியை எக்கச்சக்கமாக மேலே எடுத்துத் தொலைத்தேன். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. பல்லவியோ இன்னும் மேலே ஏறும். நிறுத்திவிட்டு இறக்கித் தொடங்குவது எங்களுக்குள் சகஜம்தான். நெவில் காதில் விழ நிறுத்துவதா? செத்தாலும் மாட்டேன். பல்லவியும் வந்தது.

“காற்றே திரும்பு...”

குரல் உடைந்தது. பின்னறையில் ஒருவராலும் அந்த உயரத்தை எட்ட முடியவில்லை. டிவி மட்டும் கத்தியது. அறை போச்சு என்று நினைத்தேன்.

“...கரைக்கே திரும்பு!”

முன்னறையிலிருந்து ஒரு குரல் அடித்தொண்டையில் வரியை முடித்தது. அடுத்த வரிக்குக் கால்பந்துக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். கண் மட்டும் திரையில்தான். பல்லவியைப் பாதியில் தொங்கவிட எங்கள் ஊரில் எவனுக்கும் மனசு வராது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலில் எடுத்தவன் யாரென்று எட்டிப் பார்த்தேன். நெவில் பீர்க்குழாயைப் பிடித்தபடி நின்றான். கிளாஸ் நிரம்பி நுரை அவன் கையில் வழிந்துகொண்டிருந்தது.

“நீயாடா?”

“பின்ன? அவ்வளவு மேல எடுத்தா யாருதான் பாடுறது? இறக்கி எடுங்கக்கா, மொதல்லேருந்து!” என்று எரிந்து விழுந்தான். ஈரக்கையாலேயே டிவியின் சத்தத்தை நிறுத்தினான்.