உதவிக்கு ஒரு பெயர்

மிளகாய் இடிக்கும் மெசின் தருகிறார்கள் என்றதும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. இல்லாவிட்டால் பெற்ற மகளின் பெயரை எவளாவது தானாகத் தூக்கிக் கொடுப்பாளா?

2007ஆம் ஆண்டு. ஐம்பது வயது கடந்தவர்கள் சொந்தத் தொழில் தொடங்க ஒரு நிறுவனம் உதவி செய்தது. எங்கள் ஊர் கல்லடியில் வீடு வீடாக வந்து படிவம் நிரப்பியவர் வல்லிபுரம் அண்ணன், ஓய்வுபெற்ற தபால் அதிபர். எனக்கு ஐம்பத்துமூன்று வயது.

"தனிய ஏலாது அன்னம். உதவிக்கு ஒரு ஆள் வேணும். குடும்ப அட்டையில இருக்கிற பேராச் சொல்லு கா."

"யசோதினி" என்றேன், யோசிக்காமல். அவர் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். நான் கண்டுகொள்ளவில்லை.

சுனாமி பழக்கிவிட்ட பழக்கம் அது. அப்போது பட்டியலில் ஒரு பெயர் கூடினால் ஒரு பங்கு அரிசி கூடும், ஒரு பாய் கூடும். தாளைக் கண்டாலே வீட்டிலுள்ள எல்லாப் பெயரையும் ஒப்புவிப்போம். மூன்று வருசத்துக்குள் தாள் மாறிவிட்டது. இப்போது பட்டியலில் பெயர் இருந்தால் ஆளைத் தேடி ஆயுதக்காரரின் மோட்டார் சைக்கிள் வரும். இது தெரியாதவளா நான்?

யசோதினிக்குப் பத்தொன்பது வயது. போன வருசம் வகுப்பு முடிந்து வரும் வழியில் ஒரு இயக்கத்துக்காரர் அவளை ஆயுதப் பயிற்சிக்குப் பிடித்துப் போனார்கள். நாற்பதாம் நாள் தப்பி ஓடி வந்தாள். பிடித்தவர்களும் தேடினார்கள், அவர்களோடு சண்டை பிடித்தவர்களும் தேடினார்கள். தன்னாமுனையில் என் தங்கச்சி வீட்டு அறைக்குள் அவளை ஒளித்து வைத்திருந்தோம். அவள் என் வீட்டில் இருக்கிறாள் என்று இப்போது நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டுச் சர்மிலா சொன்னாள்: "படிவம் மூணு பிரதியாம் மாமி. ஒண்டு ஆயுதக்காரர்ட முகாமுக்குப் போகுதாம்."

குடம் கைநழுவிக் காலில் விழுந்தது. வலிக்கவில்லை. பாவி, என்ன வேலை பார்த்துவிட்டேன்!

ஓடினேன். வல்லிபுரம் அண்ணன் பாலம் தாண்டிவிட்டால் படிவங்கள் டவுனுக்குப் போய்விடும். பாலத்தடியில் சோதனைச் சாவடி. அங்கே ஓடினால் சந்தேகப்படுவார்கள். கோயிலுக்குப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மெல்ல நடந்தேன். வரிசையில் வல்லிபுரம் அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு முன்னால் நான்கே பேர்.

"அண்ணன், பிள்ளைட பேர எடுத்திருங்க" என்றேன், மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

அவருக்கு விளங்கிவிட்டது. செயின் கழன்றதுபோலக் குனிந்து பார்த்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையை விட்டு விலகினார். ஒரு மதிலோரம் வைத்துப் பழைய படிவத்தைக் கிழித்து மடிக்குள் செருகினார். புதியதொன்றை எடுத்தார்.

"இண்டைக்குக் கடைசி நாள் கா. இந்த இடம் வெறுமையா இருந்தா மெசின் இல்ல. அட்டையில வேற ஆர் இருக்கா?"

இன்னும் ஒரே ஒரு பெயர் இருந்தது. என் புருசன் வீரகத்தி. சுனாமி அன்று காலை கடலில் நின்றவர். உடல் கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அவர எழுதுங்க. அவர ஆரும் பிடிச்சிட்டுப் போக ஏலாது."

வல்லிபுரம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் எழுதினார்.

மெசின் வந்தது. பத்தாம் நாள் மோட்டார் சைக்கிளும் வந்தது. இரண்டு பேர். ஒருவன் கையில் தாள்.

"இதுல வீரகத்தி ஆரு?"

மெசினை நிறுத்தினேன். மிளகாய்த் தூள் படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"என்ட வீட்டுக்காரர். கடலுக்குப் போனவர். இன்னும் வரல்ல."

"வந்தா முகாமுக்கு வரச் சொல்லு."

"ஓம்" என்றேன்.

வண்டிச் சத்தம் போய் மறையும்வரை அசையாமல் நின்றேன். மூன்று வருசமாக, விடிந்ததும் கடற்கரைக்குப் போய், அவர் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுத்த நாளும் போனேன். வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு நின்றேன்.