அக்கா உயரத்தில் ஒரு ஆக்டோபஸ்

தப்பு என்னுடையதுதான். நகராட்சியில், கடற்கரை நடைபாதைக்கு ஐந்து நிழற்குடைகள் வேண்டும், முதலில் ஒன்றைச் செய்து காட்டு என்றார்கள். பிடித்துப்போனால் மீதி நான்கும் எனக்கு. இல்லையென்றால் பழையபடி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போகவேண்டியதுதான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆக்டோபஸ் செய்தேன். எட்டுக் கைகளும் தூண்கள், தலை கூரை, கைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் இருக்கை. அழகில் யாரும் குறை சொல்ல முடியாது. அளவில்தான் கோட்டை விட்டேன்.

பட்டறையில் எனக்கு வண்ணம் அடித்துத் தருவது என் அக்கா. இருக்கை உயரமா, கூரை உயரமா, எதற்கெடுத்தாலும் அவளைத்தான் உட்காரவைத்தும் நிற்கவைத்தும் அளவெடுப்பேன். அவள் நாலரை அடி. தினமும் பார்க்கிற ஆள், அவள் குள்ளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பார்வையிட வந்த நகராட்சித் தலைவர் ஆறடிக்கு மேல். வாயெல்லாம் பல்லாக உள்ளே நுழைந்தார். 'டொம்' என்று ஒரு சத்தம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் தாடைக்கு வந்தது.

"யாருக்குய்யா கட்டினீங்க இதை?"

"கூரையை உயர்த்திடலாம் சார்."

"சீட்டையும் ஏத்துங்க. மனுஷங்க உக்கார்ற மாதிரி செஞ்சாத்தான் மீதி வேலை."

"சரி சார், சரி சார்" என்று பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன்.

இருக்கையின் மறுகோடியில் தூரிகையோடு உட்கார்ந்திருந்த அக்கா வாயைத் திறந்தாள். "நானும் மனுஷிதான் சார். பஸ் ஸ்டாப்பு, ஆஸ்பத்திரி, பேங்க், எங்க உக்காந்தாலும் எனக்குக் கால் தொங்கும். கொஞ்ச நேரத்துல மரத்துப்போகும். நாப்பத்தாறு வருஷத்துல இங்கதான் ரெண்டு காலும் தரையில இருக்கு."

கூடப் பிறந்தவன் நான். ஒருநாள்கூட இதைக் கவனித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் கோபமாக வந்தது என்று நினைக்கிறேன்.

"சார், கூரை ஏறும். இந்த சீட்டு ஏறாது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நான்கு நிழற்குடைகளும் கடலில் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

தலைவர் அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் எங்கம்மா உக்கார்றது?" என்றார் பரிதாபமாக.

"எட்டுக் கை இருக்கே சார். கைக்குக் கை சீட்டை ஒரு உயரத்துல வெச்சாப் போச்சு" என்றாள் அக்கா.

தலைவர் எழுந்தார். இந்த முறை குனிந்து, ஜாக்கிரதையாக வெளியே வந்தார்.

"மீதி நாலையும் செய்யுங்க" என்றார் என்னிடம். "ஆனா அளவெடுக்கிறப்போ என்னையும் கூப்பிடுங்க."