கலந்துபோன வெள்ளீயம்

பனிக்காலம் வந்துவிட்டால் வெண்டலுக்கும் அவர் மனைவி ஆர்லீனுக்கும் கார் கொட்டகைதான் உலகம். ஒரு மூலையில் அவர் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பார். இன்னொரு மூலையில் அவள், வெடிமருந்து போட்ட பித்தளைக் கூடுகளின் வாயில் அந்தக் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, அழுத்தும் கருவியின் கைப்பிடியை இழுப்பாள். குண்டு அளவாக உள்ளே இறங்கி உட்காரும். கைத்துப்பாக்கிக்கு ஒரு தோட்டா தயார்.

ஐடஹோ மாநிலத்தின் அந்தப் பள்ளத்தாக்கில் இது பல வீடுகளில் நடக்கிற வேலைதான். ஆனால் குண்டு வார்க்கிற ஆண்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. உருகக்கூடிய எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். டயர்க்கடையில் கழித்துப் போட்ட ஈய எடைக்கட்டி, அறுந்த தூண்டிலின் ஈயம், எல்லாம் கொப்பரைக்குத்தான். கொஞ்சம் வெள்ளீயமும் சேர்ந்தால் அச்சு மூலைமுடுக்கு விடாமல் நிரம்பும் என்பதால், தேவாலயத்தார் நடத்தும் பழைய சாமான் கடையில் வெள்ளீயக் கிண்ணம் தேடி அலைவார் வெண்டல். ஒரு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி, நகத்தால் சுண்டி, முகர்ந்துகூடப் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் என்னைக்கூட இந்த மனுஷன் இப்படிப் பார்த்ததில்லை என்று ஆர்லீன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆர்லீனின் கை தன்பாட்டில் வேலை செய்தது. கூடு, குண்டு, கைப்பிடி. மனம் எங்கோ மிதந்தது. இப்படி மிதக்கும்போதெல்லாம் அது எம்மெட்டிடம்தான் போய் நிற்கும். பால் மறக்கும் முன்பே போய்விட்ட பிள்ளை. அவளுக்குள் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தான். பனியில் நடந்து வருவான். சில நாள் தவழ்கிற வயசு, சில நாள் தாடி வைத்த ஆள். எந்த வயதில் வந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

கைப்பிடி முரண்டு பிடித்தது. விழித்துக்கொண்டவள்போலக் குனிந்து பார்த்தாள். கூட்டின் வாயில் குண்டு சீவப்பட்டு, மெல்லிய வெள்ளி வளையமாகச் சுருண்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. குண்டுகள் வழக்கத்தைவிடப் பளபளத்தன, ஒரு மயிரிழை பருமனாகவும் இருந்தன. வெள்ளீயம் கூடினால்தான் இப்படி வரும். இத்தனை வெள்ளீயம் இவருக்கு எங்கே கிடைத்தது?

என்ன போட்டாய் என்று கேட்டாள். கடையில் வாங்கிய சாமான் என்றார். என்ன சாமான் என்றாள். வெண்டல் கரண்டியால் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அதில் கிண்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

அவளுக்கு ஒரு கோப்பை நினைவுக்கு வந்தது. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அவளுடைய சித்தி கொடுத்த வெள்ளீயக் கோப்பை, அடியில் பெயர் பொறித்தது, எம்மெட் ஒருநாளும் வாய் வைக்காதது, சமையலறை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வருஷக்கணக்காக இருந்தது. இலையுதிர் காலத்தில் ஒருநாள், இனி பார்க்க முடியாது என்று அதை அந்தப் பழைய சாமான் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வெண்டலிடம் சொல்லவில்லை. அவர் பிள்ளையின் பெயரைச் சொல்லியே எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். அந்த நினைப்புதான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

"கைப்பிடி வச்ச சின்னக் கோப்பையா?"

"ஆமா."

"அடியில பேர் இருந்துச்சே. பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா உருக்கின?"

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தார். "ரொம்ப நாள் வண்டியிலயே வச்சிருந்தேன், ஆர்லீன். வீட்டுக்குக் கொண்டாந்தா, நீ வேணாம்னு குடுத்தத திரும்ப உன் தலையில கட்டின மாதிரி ஆயிடும். அங்கயே விட்டா எவனாவது வாங்கிட்டுப் போயி பேனா போட்டு வைப்பான். நம்ம எம்மெட்டோட கோப்பை. எனக்கு ரெண்டுக்கும் மனசு வரல. உருக்கினா நம்மகிட்டயே இருக்கும்னு நெனச்சேன்."

அவர் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டதும் ஆர்லீன் அழுதாள். துக்கம் பாதி. இத்தனை வருஷமும் தான் தனியாகச் சுமக்கவில்லை என்ற ஆறுதல் பாதி. மேஜையில் கிடந்த சீவல்களை விரல்நுனியால் ஒற்றி எடுத்து, ஒன்று விடாமல் ஒரு டப்பா மூடியில் சேர்த்தாள்.

"பிரிச்சு எடுக்க முடியுமா?"

"முடியாது. ஈயத்தோட கலந்துருச்சு."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். மிச்சமிருந்த கூடுகளின் வாயை இன்னும் கொஞ்சம் அகட்டினாள். இந்த முறை குண்டு சீவப்படாமல் இறங்கியது. இவற்றைச் சுட வேண்டாம், எடுத்து வைத்துவிடலாமா என்று வெண்டல் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எடுத்து வச்சு? மறுபடியும் மாவு டப்பாவுக்குப் பின்னாடியா?" என்றாள் ஆர்லீன். "சுடுவோம். நம்ம கொல்லை மண்மேட்டுலதான போயி புதையும்? பனி உருகினதும் எப்பவும் போல மண்ணச் சலிச்சு ஈயத்த எடுப்போம். மறுபடி நீ உருக்கு, நான் உக்கார வைக்கிறேன். ஊர்ல பிள்ளைங்கல்லாம் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வருது. நம்ம பிள்ளை பனி உருகினதும் வருவான்."

வெண்டல் அடுத்த குண்டை எடுத்து, சட்டையில் ஒருமுறை துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.