தலைவர் மீசையில் வண்டு

தீபாவளிக்கு வந்திறங்கிய ஆட்டா மாவு சித்திரை வரை புக்கிட் செலம்பாவ் நலச் சங்க மண்டபத்திலேயே கிடந்தது. ஏழைகளுக்குக் கொடுக்கத்தான். ஆனால் அலோர் ஸ்டார் நகரத்திலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் வந்து கொடுத்தால்தானே அது தர்மம். வேறு யார் கொடுத்தாலும் வெறும் மாவு. டத்தோவுக்கு நேரம் கிடைக்கவில்லை. வண்டுகளுக்கு நிறையவே கிடைத்தது.

ஒவ்வொரு பையிலும் சங்கத் தலைவர் யோகேந்திரனின் முகம், மீசையோடு. மாவின் பெயரைவிட அவர் பெயர் பெரிது. சித்திரையில் ஒருவழியாக டத்தோ வந்தார். மேடையேறி அவர் கையால் பையை வாங்கிய இராசாத்தி, கடுகளவு செம்பழுப்பு வண்டு ஒன்று அந்த மீசையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தாள். பின்னாலேயே இன்னொன்று. மண்டப வாசலில் தோசைக் கடை போட்டுப் பிழைப்பவள் அவள். பையைத் தலைவரிடமே நீட்டினாள்.

"அண்ணே, வண்டு."

யோகேந்திரன் படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லிடுக்கில் பேசினார். "வீட்டுல போயி சலிச்சுக்கலாம்லா. இப்ப மொகம் தெரியுற மாதிரி நெஞ்சோட வெச்சுப் பிடி."

"யாரு மொகம்ணே? வண்டு மொகமா?"

கீழே நாற்காலிகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வாசல்ல கடை போட எடம் குடுத்தது சங்கம். ஞாபகம் இருக்கட்டும்" என்றார் தலைவர், சிரிப்புக் குறையாமல்.

அந்தக் கடை போனால் இராசாத்திக்கு வேறு பிழைப்பு இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள். படத்துக்கென்று நல்ல சேலை கட்டி வந்த பெண்கள் பைகளை அணைத்தபடி வரிசையாக நின்றார்கள். சேலைகளில் வண்டு ஏறிக்கொண்டிருந்தது.

பயம் போய்க் கோபம் வந்தது.

"சலிச்சா போயிடும்னா இத நீங்களே கொண்டு போங்கண்ணே. வீட்டுல சப்பாத்தி சுட்டு வைக்கச் சொல்லுங்க. சாயங்காலம் டத்தோவும் நானும் சாப்பிட வர்றோம்."

டத்தோவுக்குத் திடீரென்று வேறொரு கூட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. இராசாத்தி பையைத் தலைவரின் காலடியில் வைத்துவிட்டு இறங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் பைகள் ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை அதே வாசலில் அடுப்பைப் பற்ற வைத்தாள். பையைப் போட்டுவிட்டு வந்தவர்கள் சுற்றி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யோகேந்திரனின் கார் வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.

"யாரக் கேட்டு இங்க கடை போட்ட?"

தட்டோடு நின்றவர்கள் ஒருவரும் நகரவில்லை. இராசாத்தி கல்லில் மாவை ஊற்றி நிதானமாக வட்டம் இழுத்தாள்.

"எறங்கி வாங்கண்ணே, தோசை தர்றேன். நேத்து அரைச்ச மாவு. யாருக்காகவும் காத்துக் கெடக்கல."