விற்கிற வீட்டுக்குத் தாழ்ப்பாள்

மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படிகள். லிஃப்ட் கிடையாது. இதில் என்ன கொடுமை என்றால், அந்த வீட்டுக்காரர் தொழிலே லிஃப்ட் மெக்கானிக். ஊரில் ஆஸ்பத்திரி, ஆபீஸ், துணிக்கடை என்று எங்கே லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் கழுவிக்கொண்டு ஓடுவார். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டு, அவர்கள் நன்றி சொல்லச் சொல்ல உச்சி குளிர்ந்து வீடு திரும்புவார். திரும்பி, ஐம்பத்து நான்கு படியும் ஏறுவார்.

அவர் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். நோயாளிகளில் இருந்து டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் டோக்கனக்கா. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் வலி உயிர் போனால்தான் திரும்ப வருவார்கள் என்பது அவளுடைய பத்தொன்பது வருஷ அனுபவம். அனுபவம் இருந்து என்ன, வீட்டில் இருந்தவருக்கு எந்த வலியும் இல்லை.

அந்த வீட்டில் ஐந்து விஷயங்கள் சரியில்லை. சமையலறை ஜன்னலைப் பெயிண்ட் அடித்தபோது சட்டத்தோடு சேர்த்து அடித்துவிட்டார்கள். அன்று ஒட்டியதுதான், அப்புறம் திறக்கவே இல்லை. குழாய் சொட்டும். படுக்கையறை மின்விசிறி ஒன்று நிற்கும், இல்லையென்றால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சுற்றும்; நடுவில் எதுவும் கிடையாது. காலிங் பெல் அடிக்காது. குளியலறைத் தாழ்ப்பாள் ஓட்டைக்கு நேராக வராது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் கதவுக்கு வாளியை முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று பாட்டுப் பாடிக்கொண்டேதான் குளித்தார்கள். குரல் நன்றாக இருந்ததால் மகள் பிழைத்தாள். டோக்கனக்காவுக்குக் குரலும் இல்லை, பாட்டும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக இருமிக்கொண்டே குளித்தாள்.

எப்போது கேட்டாலும் லிஃப்ட்காரர் சொல்வது ஒரே வார்த்தை.

"பார்க்கலாம்."

கோபமாகச் சொல்லமாட்டார். அன்பாக, ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி சொல்வார். மகள் பத்தாவது படிக்கும்போதே அப்பாவுக்கு மிஸ்டர் பார்க்கலாம் என்று பெயர் வைத்துவிட்டாள். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், போனை எடுத்ததும் "பார்க்கலாம் எப்படி இருக்காரு?" என்றுதான் விசாரிப்பாள்.

ஜன்னலையும் குழாயையும் பொறுத்துக்கொண்ட டோக்கனக்காவின் முட்டிதான் கடைசியில் பொறுக்கவில்லை. இனிமேல் தினமும் மாடி ஏறினால் அப்புறம் ஏறவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நான்கு தெரு தள்ளி, லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் ஒரு வீடு கிடைத்தது. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மூன்று மாதத்துக்குள் இந்த வீட்டை விற்றால் அந்த வீடு. விற்காவிட்டால் அட்வான்ஸும் போச்சு, ஐம்பத்து நான்கு படியும் அப்படியே நிற்கும்.

ப்ரோக்கர் வந்தார். பேச ஆரம்பித்தால் மூச்சு விடுவது அவருக்கு இரண்டாம்பட்சம். பெல்லை அழுத்தினார், ஜன்னலைத் தள்ளினார், மின்விசிறியைப் போட்டு உடனே அணைத்தார். குளியலறைக் கதவை மூடிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சார், வீடு தங்கம். ஆனா இந்த அஞ்சையும் சரி பண்ணாம பார்ட்டிய கூட்டிட்டு வந்தேன்னா, வாசல்லயே திரும்பிடுவாங்க. பண்ணிடுங்க."

டோக்கனக்கா கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பார்க்கலாம்' வரப்போகிறது, அதைக் கேட்டுவிட்டு டீ போடப் போகலாம் என்று காத்திருந்தாள்.

"நாலு நாள் டைம் கொடுங்க. பண்ணிடறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

அவளுக்குத் தன் காதையே நம்பமுடியவில்லை.

மனிதர் லீவு போட்டார். கல்யாணத்துக்கே ஒரு நாள்தான் லீவு போட்டவர். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் மூச்சு வாங்க மேலே வந்தபோது குழாய் சொட்டவில்லை. உள்ளே ஒரு வாஷரை மாற்றினாராம், பத்து நிமிஷ வேலையாம், அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். செவ்வாய்க்கிழமை பெல் அடித்தது. புதன்கிழமை மின்விசிறிக்கு ஐந்து வேகம். அன்றைக்கே ஜன்னலின் பெயிண்ட்டைப் பிளேடால் கீறி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, ஒரு விரலால் திறந்து காட்டினார். சமையலறைக்குள் காற்று வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு கூட வேறு ஏதோ ஒன்றும் கிளம்பி வந்தது. அது என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

வியாழக்கிழமை பிடிபட்டது. குளிக்கப் போனாள். பழக்க தோஷத்தில் வாளியை இழுத்தாள். அப்புறம் அவர் அதையும் சரி பண்ணியது ஞாபகம் வந்து தாழ்ப்பாளைத் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. டோக்கனக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். யாரென்றே தெரியாத ஒருத்தருக்காக நாலு நாளில் நடந்தது, தான் கேட்டு இருபத்திரண்டு வருஷம் நடக்கவில்லை. அதுதான் விஷயம். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் சுவர் சுவராகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சுவர் என்ன சொன்னதோ, திரும்ப வரவில்லை. இன்னொரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து இரண்டு தடவை டீ குடித்து, இந்த சோபா எங்கே வாங்கினது என்று விசாரித்துவிட்டுப் போனது. எதிர்க் கட்டடத்தில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வாங்குகிற எண்ணமெல்லாம் இல்லை, இங்கிருந்து பார்த்தால் தங்கள் பால்கனி எப்படித் தெரிகிறது என்று பார்க்க வந்தார்களாம். ஒவ்வொரு தடவையும் வீட்டில் மனிதர்களே வாழாத மாதிரி எல்லாவற்றையும் அலமாரிக்குள் திணித்து வைக்க வேண்டும். ப்ரோக்கர் போனதும் அலமாரியைத் திறந்தால் எல்லாம் தலையில் விழும். இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மா வந்தாள். நல்ல பார்ட்டி, கையில் பணம் தயார் என்று ப்ரோக்கர் முன்கூட்டியே காதில் ஓதியிருந்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டு எடுத்தாள்.

"அடடா! எவ்வளவு ஈசியா போகுது. வீட்ட ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கக்கா."

அவ்வளவுதான். டோக்கனக்காவால் வாயைக் கட்ட முடியவில்லை.

"நல்லாவா? மூணு மாசம் முன்னாடி வந்திருக்கணும் நீங்க! இருபத்திரண்டு வருஷம் இந்தக் கதவு மூடாது. வாளிய முட்டுக்கொடுத்து, இருமி இருமி குளிச்சேன். அந்த ஜன்னல் திறக்காது. பெல் அடிக்காது. எல்லாம் உங்களுக்காக சரி பண்ணினது. எனக்காக இல்ல!"

டிரைவிங் ஸ்கூல் அம்மா அவளைப் பார்த்தாள், லிஃப்ட்காரரைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள். "யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ப்ரோக்கர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அக்கா, யோசிச்சு சொல்றேன்னு சொன்னவங்க யாரும் யோசிச்சதும் இல்ல, சொன்னதும் இல்ல" என்று முனகிக்கொண்டே அந்த அம்மா பின்னால் ஓடினார்.

கதவு மூடியதும் லிஃப்ட்காரர் ஆரம்பித்தார். "உனக்கென்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உன் முட்டிக்காகத்தானே விக்கிறோம்?"

"சரி, முட்டிக்காகத்தான். தாழ்ப்பாள ஏன் எனக்காக போடல? அத மட்டும் சொல்லுங்க."

"நேரம் எங்க இருந்துச்சு..."

"குழாயே பத்து நிமிஷ வேலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

லிஃப்ட்காரரிடம் ஆயிரம் குறை சொல்லலாம், பொய் சொல்லத் தெரியாது. உள்ளதைச் சொன்னார்.

"லிஃப்ட் நின்னு நான் போகலேன்னா, அவன் வேற ஆள கூப்பிடுவான். வீடு சரியில்லேன்னா வாங்க வர்றவன் போயிடுவான். நீ... நீ எங்க போயிடப் போற?"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். சொல்லி முடித்தபிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று அவள் முகத்தில் பார்த்தார்.

டோக்கனக்கா சண்டை போடவில்லை. அடுத்த இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரியே அவரிடமும் பேசினாள். "உட்காருங்க." "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க." சாப்பாட்டுக்குக்கூட "என்னங்க" என்று கூப்பிடவில்லை, "அடுத்து வாங்க" என்றாள். விஷயத்தைக் கேட்ட மகள் போனில், "அம்மா, நீ விக்கிறது வீட்டையா, அப்பாவையா?" என்றாள். டோக்கனக்காவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. எங்காவது போய்விடலாம் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் அந்தத் தாழ்ப்பாள் எப்போதோ ஓட்டையில் விழுந்திருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் முப்பதாவது படியில் முட்டி மடங்கமாட்டேன் என்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். இன்னும் இருபத்து நான்கு. கெடு முடிய இருபது நாள். வாய்க்கொழுப்பில், வந்த நல்ல பார்ட்டியைத் துரத்திவிட்டு, ஆயுசு முழுக்க இந்தப் படியில் உட்கார்ந்து கிடக்கப் போகிறோம் என்று நினைத்தாள். தன் வாயைத் தானே திட்டிக்கொண்டிருந்தபோது கீழே இருந்து பேச்சுக் குரல் வந்தது.

டிரைவிங் ஸ்கூல் அம்மாதான். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கணவர்.

"என்னக்கா, இங்க உட்கார்ந்துட்டீங்க?"

"முட்டி வலி. இதனாலதான் விக்கிறோம்" என்றாள் டோக்கனக்கா. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

"எழுந்திருங்க, பிடிச்சுக்கறேன். இவருக்கு அந்தத் தாழ்ப்பாள காட்டணும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

மூன்று பேரும் மேலே வந்தார்கள். லிஃப்ட்காரர் பதறிப்போய் எழுந்தார். அந்த அம்மா கணவரை நேராகக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். ஜன்னலைத் திறந்து காட்டினாள். மனுஷன் குற்றவாளி மாதிரி பின்னாலேயே போனார்.

"எங்க வீட்டுக்காரரும் இதே ரகம்தான்க்கா. இவரு வாயில 'ஆகட்டும்'. பன்னெண்டு வருஷமா எங்க வீட்டு ஷவர்ல ஒரே ஒரு ஓட்டையில தண்ணி வருது. நாங்க பார்த்த மத்த வீட்ல எல்லாம் 'ஒரு குறையும் இல்ல'ன்னு சாதிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னென்ன கெட்டுப்போச்சு, எப்ப சரி பண்ணினதுன்னு வாயத் திறந்து சொன்னீங்க. எல்லாத்தையும் சரி பண்ணி முடிச்ச வீடா வாங்கிட்டேன்னா, இவர நம்பாம எனக்கு பத்து வருஷம் ஓடும்."

சூட்டோடு சூடாக ப்ரோக்கருக்குப் போன் போட்டார்கள். அவர் எங்கிருந்து வந்தாரோ, அரை மணி நேரத்தில் வந்து, இதெல்லாம் தன் திட்டம்தான் என்கிற மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வீடு மாறினார்கள். டோக்கனக்கா ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் எழுதி ஒட்டியிருந்தாள். ஒன்றாம் நம்பர் எது என்று யாரிடமும் சொல்லவில்லை. புதுக் கட்டடத்தில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் காத்திருக்க, லிஃப்ட்காரர் லிஃப்ட்டுக்குள் போய் ஆறு தடவை மேலும் கீழும் போய்வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டார், கதவு இடுக்கில் டார்ச் அடித்தார். ஏழாவது தடவை மனைவியை உள்ளே கூப்பிட்டு, பட்டனை அவளையே அழுத்தச் சொன்னார். லிஃப்ட் மெதுவாக மேலே போனபோது, "வலிக்குதா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு நாற்காலியைப் போட்டு டீ குடித்தார்கள். சமையலறையில் இருந்து சத்தம் கேட்டது. சொட். கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும் சொட்.

"என்னங்க, இங்கயும் குழாய் சொட்டுது."

லிஃப்ட்காரர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். மனிதர் களைத்துப் போயிருந்தார். பழைய அன்போடு, பழைய குரலில் சொன்னார்.

"பார்க்கலாம்."

டோக்கனக்கா டீயைக் கீழே வைத்தாள். போனை எடுத்தாள். எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுங்கக்கா! புது வீடு எப்படி இருக்கு?" என்றார் ப்ரோக்கர்.

"வீடு தங்கம். விக்கணும்."

ப்ரோக்கரே பேச்சை மறந்தது அன்றைக்குத்தான். ஆனால் தொழில்காரர், சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார்.

"வித்துடலாம்க்கா! ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு பார்ட்டியோட வரேன். ரிப்பேர் ஏதாவது இருந்தா மட்டும் முன்னாடியே சரி பண்ணிடச் சொல்லுங்க சார."

"அவரு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை. அவர் எழுந்து, "ஸ்பானர் பை எந்தப் பெட்டியில இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணாம் நம்பர். சமையலறை மேடை மேலயே இருக்கு."

உள்ளே சாமான் உருட்டுகிற சத்தம், திருகுகிற சத்தம், ஒரு தடவை 'ஆ' என்கிற சத்தம். டோக்கனக்கா ஆறிப்போன டீயை ரசித்துக் குடித்தாள். பத்து நிமிஷத்தில் சொட்டுவது நின்றது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் கூடத்து மின்விசிறி லேசாகக் கிறீச்சிட்டது.

"சரி பண்ணிட்டேன்ல? அந்த ஆள ஞாயித்துக்கிழமை வரவேண்டாம்னு சொல்லிடும்மா."

டோக்கனக்கா மின்விசிறியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்து, ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"பார்க்கலாம்."