தட்டில் காட்டியது

வடக்கே மழை பிடித்ததும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டுப் பக்கம் திரும்பிவிடும். போர் போடப் போன ஆண்கள் இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருப்பார்கள். பெண்கள் அப்போதுதான் ஆபரேஷனுக்குப் போவார்கள். சோறாக்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் வீட்டில் ஆள் இருக்கும்.

போன வருட மழைக்குத் தனப்பிரியாவின் தெருவிலிருந்து மூன்று பேர் போனார்கள். இந்த வருடம் அவள்.

"கர்ப்பப்பையில கட்டி," என்றார் டாக்டரம்மா, ஸ்கேனைப் பார்த்துவிட்டு. "எடுத்துட்டா நல்லது. விட்டா கேன்சராயிரும்."

தனப்பிரியாவுக்கு மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் அவர்தான். குரலை உயர்த்தியதே இல்லை. இரண்டு மாதமாக உதிரப்போக்கு அதிகம் என்று சொல்லத்தான் அவள் போயிருந்தாள்.

"இன்னொரு கொழந்தைக்குப் பாத்துட்டிருந்தோங்க."

"அதுதான் ஒண்ணு இருக்குதே," என்று சிரித்தார் டாக்டரம்மா. வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்.

ரிக் சொந்தமாக வாங்கிய பிறகு இரண்டாவது குழந்தை என்று தள்ளி வைத்திருந்தார்கள். வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கணவன் காளிதாஸ் கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"டாக்டருக்குத் தெரியாததா?"

"போன மழைக்குப் போன பிரபாக்காளுக்கும் இதேதான் சொன்னாங்க. மோனிஷாளுக்கும் இதேதான். ஒரு வார்த்தை மாறலைங்க."

அவன் துடைத்த துணியைக் கீழே போட்டான்.

"பாயிண்ட் பாக்கறப்ப என்ன பண்ணுவோம்?"

அவளுக்குத் தெரியும். போர் போடுவதற்குமுன் நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் ஒரு கல் வைப்பார்கள். மறுநாள் வேறொருவரைக் கூட்டி வருவார்கள். அவர் வருவதற்குள் அந்தக் கல்லை எடுத்துவிட வேண்டும். கல் கண்ணில் பட்டால் அவர் தேங்காயும் அங்கேதான் நிற்கும்.

"வேற டாக்டர்கிட்ட இந்த ஸ்கேனைக் கொண்டு போகக்கூடாது," என்றான். "இந்தம்மா பேரையும் எடுக்கக்கூடாது."

"உங்க தேங்காயும் எம்பட வயிறும் ஒண்ணுங்களா?"

"ரெண்டும் உள்ள இருக்கறத வெளிய நின்னு சொல்றதுதான புள்ள."

சேலத்தில் அஸ்தம்பட்டிக்குப் போனார்கள். மாடியில் சின்ன கிளினிக். அங்கிருந்த டாக்டர் தானே ஸ்கேன் பார்த்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார். திருச்செங்கோட்டில் யாரும் திருப்பிக் காட்டியதில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

"இதுதான் உங்க கர்ப்பப்பை. இங்க பாருங்க, நிலக்கடலை சைஸ்ல ஒரு கட்டி. நெறைய பேருக்கு இருக்கறதுதான். மாத்திரை தர்றேன், மூணு மாசம் கழிச்சு வாங்க."

"எடுக்கணுங்களா?"

"எதுக்கு எடுக்கணும்?"

"கொழந்தை?"

"தாராளமா." டாக்டர் மருந்துச்சீட்டை எழுதினார். "எந்த ஊரு நீங்க?"

சொன்னாள். பேனா நின்றது.

"உங்க பக்கத்துல இருந்து, உங்க வயசுல, கர்ப்பப்பையோட ஒருத்தர் வந்து ரொம்ப நாளாச்சு," என்றார். பிறகு எழுதி முடித்தார்.

திரும்பும்போது சங்ககிரி தாண்டியதும் காளிதாஸ் சொன்னான்.

"ஒருத்தர் தண்ணிங்கறார். ஒருத்தர் பாறைங்கறார். மூணாவது ஆளப் பாக்கோணும்."

மாலையில் அவள் பிரபாவின் வீட்டுக்குப் போனாள். பிரபா காளிதாஸின் அண்ணன் மனைவி. பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் அங்கே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேலத்தில் சொன்னதைக் கேட்டதும் பிரபாவுக்குக் கோபம் வந்தது.

"சேலத்துக்காரிக்கு என்ன தெரியும்? எனக்கு எப்படி அழுகிக் கெடந்துதுன்னு நீதான கண்ணால பாத்தே?"

பார்த்திருந்தாள். திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில், வெட்டி எடுத்ததைத் துணைக்கு வந்த ஆளிடம் காட்டுவார்கள். பிரபாவுக்குத் தியேட்டர் வாசலில் காத்திருந்தது தனப்பிரியாதான். நர்ஸ் ஒரு ஸ்டீல் தட்டை அவள் கையில் கொடுத்தாள். அதில் கர்ப்பப்பை வெளிறிப்போய், மூடிய கை அளவில் இருந்தது. இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு குழி.

"எலி கடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு நீதான் சொன்னே," என்றாள் பிரபா.

கண்ணாத்தாள் நிமிர்ந்தாள். "எம்பட புள்ள மோனிஷாளோடதும் அப்படித்தான் சாமி. ஓரத்துல கறுப்பா குழி. எலி கடிச்ச மாதிரியேதான்."

"எந்தப் பக்கமுங்க அத்தை?"

கண்ணாத்தாள் கீரைக்கொத்தைத் தட்டு மாதிரி எதிரில் பிடித்துப் பார்த்தாள்.

"இடது பக்கம்."

பிரபா எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். தனப்பிரியா டம்ளரை வாங்கினாள். வெளிப்புறம் வியர்த்திருந்தது. ஒரு துளி வழிந்து அவள் பாதத்தில் விழுந்தது.

பிரபாவுக்காகத் தட்டை வாங்கிய அன்றைக்கும் விழுந்தது. தட்டின் அடியிலிருந்து. ரத்தமோ என்று குனிந்து பார்த்தாள். தண்ணீர்.

"அத்தை, தட்டை உங்க கையில குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்பத்தான வயித்துல இருந்து எடுத்தது, சூடா இருந்துச்சுங்களா?"

கண்ணாத்தாள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். கீரை ஒட்டியிருந்தது. அது போன பிறகும் துடைத்தாள்.

"சில்லுனு இருந்துச்சு," என்றாள். "ஏ.சி. ரூமுன்னு நெனச்சேன்."

பிரபா இருவரையும் பார்த்தாள். கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

"அப்ப என்னோடது?" என்றாள். "என்னோடது எப்படி இருந்துச்சு?"

மூன்றாவது டாக்டரைப் பற்றி அன்றிரவு காளிதாஸ் மறுபடி சொன்னான். வேண்டாம் என்றாள் தனப்பிரியா.

வியாழக்கிழமை காலை பிரபா முதலில் வந்தாள். காப்பி கொடுத்தும் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"தனப்பிரியாங்களா? ஏனுங்க, இன்னும் காணோம்?"

"நான் வரலைங்க."

"பயந்துட்டீங்களா? எல்லாரும் மொதல்ல இப்படித்தான். உங்க தெருவுல கேட்டுப் பாருங்க, எத்தனை பேர் வந்து நல்லா இருக்காங்க." நர்ஸின் குரல் இனிமையாக இருந்தது. "கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க. எடுத்ததும் காட்டிருவோம்."

பிரபா போனைப் பிடுங்கினாள்.

"இப்பவே காட்டுங்க. நாங்க வாரோம்."

நர்ஸின் குரல் மாறியது.

"யாருங்க பேசறது?"

"போன மழைக்கு வந்தவ."

இணைப்பு அறுந்தது. பிரபா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். வாசலில் கண்ணாத்தாள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் மோனிஷா. எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. போன வருடம் மூன்றாவதாகப் போன தேவிப்ரியா, ஈரத்தலையோடு இறங்கி வந்தாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

நால்வரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். போன மழைக்குப் போன மூவரின் கையும் அடிவயிற்றில் இருந்தது.

தனப்பிரியாவும் தன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.